இது என்ர பிள்ளையின்ர முகம் இல்லை: பழைய படங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

பழைய பிலிம் படங்களைத் திருத்துவது பற்றி எழுதிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களைப் படித்து முடிக்க இரண்டு நாள் பிடித்தது. பாதிக் கடிதங்களில் கேள்வியைவிட படத்தின் கதைதான் நீளமாக இருந்தது. எனக்கு அது நல்லதுதான். யார், எங்கே, எப்போது என்று தெரிந்தால்தான் ஒரு படத்தில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவெடுக்கலாம்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: மாங்குளத்தில் ஒரு சின்ன அறையில் இந்த வேலையைச் செய்கிறேன். அப்பா 1980களில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர். நான் இருட்டறையில் அவருக்குத் தட்டு எடுத்துக் கொடுத்துப் பழகி, பிறகு கணினிக்கு வந்தவள். முதல் கடிதம் இது.

அண்ணாவின் கலியாணம் 2003இல் நடந்தது. பிலிமில் எடுத்த படங்கள். அப்போது ஒரு ஸ்ரூடியோவில் சீடியில் பதிந்து தந்தார்கள். இப்போது அந்தச் சீடி மட்டும்தான் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் முகம் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரமாகத் தெரிகிறது. அண்ணாவின் வேட்டி வெறும் வெள்ளைப் பட்டையாக இருக்கிறது. 12க்கு 18 அங்குலத்தில் சட்டம் போட்டு அம்மாவுக்குக் கொடுக்க ஆசை. முடியுமா அக்கா?
தர்மபுரம் வாசகர்

தம்பி, கணினியை மூடிவிட்டு முதலில் நெகற்றிவ்வைத் தேடுங்கள். இடம்பெயர்வில் எல்லாம் போய்விட்டது என்று நீங்கள் எழுதவில்லை, சீடி மட்டும்தான் கையில் இருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் சொல்கிறேன். படம் கழுவிக் கொடுத்த கடதாசி உறையின் பின்பக்கப் பையில் நெகற்றிவ் துண்டுகள் இருக்கும். அல்பத்தைப் பத்திரப்படுத்துகிறவர்கள்கூட அந்த உறையை அலுமாரித் தட்டுக்கு அடியில் விரித்துவிடுவார்கள். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு இரண்டிலும் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், உங்கள் அண்ணாவின் வேட்டி அங்கே இருக்கிறது. நெகற்றிவ்வை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். செம்மஞ்சள் நிறப் பிலிமில் தலைமயிர் வெளிறித் தெரியும், வேட்டி கறுத்துத் தெரியும். அந்தக் கறுப்புக்குள் மடிப்பும் இருக்கும், கரையும் இருக்கும். நிறப் பிலிம் வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும். அந்தக் காலத்து ஸ்கான்தான் அதை வெட்டி எறிந்துவிட்டது. அவசரத்தில் படம் பளிச்சென்று தெரியட்டும் என்று வெள்ளையை முழு வெள்ளைக்குத் தள்ளிவிடுவார்கள். சீடியில் உள்ள கோப்பில் அந்த இடத்தில் ஒன்றும் பதியவில்லை. அங்கே எந்த மென்பொருளாலும் மடிப்பைத் திருப்பி எடுக்க முடியாது, புதிதாக வரையத்தான் முடியும்.

நெகற்றிவ் கிடைத்தால், மூடியில் விளக்கு உள்ள ஸ்கானரில் 2400 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 2400 புள்ளியில், எடுக்கச் சொல்லுங்கள். 35 மில்லிமீற்றர் பிலிமில் ஒரு படம் 24க்கு 36 மில்லிமீற்றர். 2400இல் எடுத்தால் ஏறக்குறைய 2270க்கு 3400 பிக்சல் வரும். உங்கள் சட்டத்துக்கு அது தாராளம். கோப்பை, படத்தின் தரத்தைக் குறைக்காத டிஃப் வடிவில், 16 பிட்டில் கேளுங்கள். ஸ்கானர் பெட்டியில் 6400, 9600 என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். தட்டை ஸ்கானரின் கண்ணாடி அவ்வளவுக்குப் பிரித்துப் பார்க்காது, கோப்புதான் வீங்கும்.

ஸ்கானர் இல்லையென்றால் ஒரு கைவழி உண்டு. ஒரு போனின் திரையை வெறும் வெள்ளையாக்கி முழு வெளிச்சத்தில் வையுங்கள். அதற்கு மேலே இரண்டு விரல் உயரத்தில், நடுவில் துளை வெட்டிய மட்டையில் நெகற்றிவ்வைப் பிடியுங்கள். திரையோடு ஒட்டி வைத்தால் திரையின் புள்ளிகளும் படத்தில் விழும், அதற்காகத்தான் உயரம். அறையை இருட்டாக்கிவிட்டு மேலிருந்து நேராக எடுங்கள். பிறகு கணினியில் நிறத்தைத் தலைகீழாக்க வேண்டும். செம்மஞ்சள் நிறத்தை எடுப்பது கொஞ்சம் வேலைதான். ஆனாலும் பல சீடிகளைவிட நல்ல படம் இப்படி வந்திருக்கிறது.

நெகற்றிவ் இல்லையென்றால் அச்சுப் படத்தைத் தேடுங்கள். வன்னியில் கலியாணம் என்றால் ஒரு தொகுதி படம் வெளிநாட்டுக்குப் போயே இருக்கும். ரொறன்ரோவில் சித்தி, சூரிச்சில் பெரியப்பா, லண்டனில் மச்சான் என்று யாருக்காவது கடித உறைக்குள் வைத்து அனுப்பியிருப்பீர்கள். இங்கே மண்ணோடு போன படங்கள் அங்கே கண்ணாடி அலுமாரியில் இருக்கும். போனில் படம் பிடித்து அனுப்பாமல், 600 டிபிஐயில் ஸ்கான் செய்து அனுப்பச் சொல்லுங்கள். 4க்கு 6 அங்குலப் படம் 600இல் 2400க்கு 3600 பிக்சல் வரும். அச்சுப் படத்தில் அதற்கு மேல் எடுப்பதற்கு அனேகமாக ஒன்றும் இருக்காது.

இரண்டுமே இல்லை, சீடி மட்டும்தான் என்றால், கணக்கைப் பார்ப்போம். அந்தக் காலத்துச் சீடிகளில் 1536க்கு 1024 பிக்சல் வைப்பது வழக்கம். அதை 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 85 புள்ளிதான். கிட்ட நின்று பார்க்கிறவருக்கு அது தேறாது. 8க்கு 12 அங்குலம் என்றால் 128 புள்ளி. பளபளப்பில்லாத தாளில் அடித்து, அகலமான வெள்ளை விளிம்பு விட்டுச் சட்டம் போட்டால் சுவரில் நன்றாக இருக்கும். சட்டம் 12க்கு 18 ஆகவே இருக்கட்டும், படம் 8க்கு 12 ஆக இருக்கட்டும். அம்மாவுக்கு அது குறையாகத் தெரியாது.

சதுரங்கள் ஜேபெக் என்ற கோப்பு வடிவத்தின் வேலை. படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருக்கும். நிறையச் சுருக்கினால் கட்டத்தின் ஓரம் வெளியே தெரியும். திறந்து திறந்து ஜேபெக்காகவே சேமித்தால் இன்னும் மோசமாகும். முதலில் டிஃப்பாக மாற்றி வைத்துக்கொண்டு வேலை தொடங்குங்கள். கிம்ப் இலவச மென்பொருள், அதுவே போதும்.

வேலை நடக்கிற ஒழுங்குதான் முக்கியம். நிறத்தையும் வெளிச்சத்தையும் முதலில் சரிசெய்ய வேண்டும். பிறகு நிறப்புள்ளிகளை, அதாவது கன்னத்திலும் நிழலிலும் தெரிகிற சிவப்பு, பச்சைப் பொட்டுகளை மட்டும் மென்மையாக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் பொருபொருப்பைத் தொடாதீர்கள். அது பிலிமின் மணி, அதை முழுக்கத் துடைத்தால் முகம் மெழுகுப் பொம்மை மாதிரி ஆகிவிடும். பிறகு இரண்டு மடங்கு பெரிதாக்கி, மேலே மிக லேசாக மணி தூவுங்கள். சதுரங்கள் கண்ணுக்குப் படாமல் அதற்குள் ஒளிந்துவிடும். கூர்மையாக்குவது கடைசி. உங்கள் சீடிப் படத்தில் அநேகமாக அதை ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சிச் செய்திருப்பார்கள். தாலிக்கொடியைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், கூர்மையாக்கும் பக்கமே போகாதீர்கள்.

அம்மாவிடம் தம்பியின் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. அடையாள அட்டைக்கு எடுத்தது. அதைப் பெரிதாக்கி லாமினேற் செய்து வைத்திருந்தோம். வெயிலில் கொண்டுதிரிந்து வெளிறிப்போய்விட்டது. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் அதை ஒரு செயலியில் போட்டு அழகாக்கி அனுப்பினார். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அம்மா பார்த்துவிட்டு, "இது என்ர பிள்ளையின்ர முகம் இல்லை" என்று திருப்பித் தந்துவிட்டா. அம்மாவை எப்படிச் சமாதானப்படுத்துவது?
ஒட்டுசுட்டான் வாசகி

தங்கச்சி, சமாதானப்படுத்த வேண்டாம். அம்மா சொன்னது சரி.

அந்தச் செயலிகள் எப்படி வேலை செய்கின்றன என்று சொல்கிறேன். ஆயிரக்கணக்கான முகங்களைக் காட்டி அவற்றைப் பழக்கியிருக்கிறார்கள். கலங்கிய ஒரு முகத்தைக் கொடுத்தால், கண் இருக்கிற இடத்தில் ஒரு கண் எப்படி இருக்கக்கூடும், பல்வரிசை எப்படி இருக்கக்கூடும் என்று அது ஊகித்து வரைந்துவிடுகிறது. படத்தில் இல்லாததைத்தான் அது சேர்க்கிறது. ஒரு மரத்தின் இலையில் அப்படிச் செய்தால் யாருக்கும் நட்டமில்லை. முகத்தில் செய்தால், இரண்டு புருவத்துக்கும் இருந்த சின்ன ஏற்ற இறக்கம் போய்விடும். நாடியில் இருந்த தழும்பு அழுக்கு என்று துடைபட்டுவிடும். ஒரு பக்கம் கொஞ்சம் ஒதுங்கின மூக்கு நேராகிவிடும். வேறு யாருக்கும் அது தெரியாது. பெற்றவளுக்குத் தெரியும்.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் போராட்டத்தில் இருக்கத் தொடங்கின பிறகு, என்னிடம் வருகிற வேலையில் பெரும்பங்கு உங்கள் தம்பியின் படம் மாதிரியான படங்கள்தான். ஒன்று சொல்கிறேன். ஒரு அம்மாவின் மகனுடைய படத்தில் இடது கண்ணுக்குக் கீழே ஒரு கறுத்த பொட்டு. ஸ்கானில் பார்த்து, பூஞ்சணப் புள்ளி என்று நினைத்து எடுத்துவிட்டேன். அவா படத்தைக் கையில் வாங்கி, விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தா. "மச்சம் எங்க மோளே?" என்று கேட்டா. அன்றைக்குத்தான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். முகத்தில் கைவைக்க முதல், படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டி, வீட்டாரைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு பொட்டாகக் காட்டிக் கேட்பேன். இது ஊறலா, உடம்பில் இருந்ததா? அவர்கள் சொல்லாமல் ஒரு புள்ளியும் எடுப்பதில்லை.

உங்கள் படத்துக்குச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பெரிதாக்கின பிரதியை விடுங்கள், முதல் படம் எங்கே? அடையாள அட்டைக்கு எடுத்தபோது ஸ்ரூடியோவில் ஒன்றுக்கு மேற்பட்ட கொப்பி தருவார்கள். ஒன்று அட்டையில் போகும், மற்றது யாருடைய பேர்சிலாவது, பைபிளுக்குள், பஞ்சாங்கத்துக்குள் கிடக்கும். பள்ளிக்கூடக் குழுப்படம், உதைபந்தாட்ட அணிப் படம், யாரோ ஒருவரின் கலியாணத்தில் பின்வரிசையில் நின்ற படம் எல்லாவற்றையும் தேடுங்கள். அம்மாவிடம் ஒரே படம்தான் இருக்கலாம். ஊரில் இருக்கிற படங்களையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

முதல் படம் சின்னதாகக் கிடைத்தால் அதை 1200 டிபிஐயில் எடுங்கள். 35க்கு 45 மில்லிமீற்றர்ப் படம் அதில் 1650க்கு 2120 பிக்சலுக்குக் கிட்ட வரும். ஒரே படத்தின் இரண்டு கொப்பி கிடைத்தால் அது பெரிய அதிர்ஷ்டம். ஒன்றில் கீறல் உள்ள இடம் மற்றதில் நல்லாக இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றை லேயராக வைத்துப் பொருத்தி, பழுதான இடத்துக்கு மற்றதில் இருந்து எடுக்கலாம். இங்கே எதையும் கற்பனை செய்வதில்லை, இரண்டு பக்கமும் அவருடைய முகம்தான்.

லாமினேற் செய்த பிரதி மட்டும்தான் என்றால் உறையைப் பிரிக்க வேண்டாம். சூட்டில் ஒட்டினது, பிரித்தால் படத்தின் தோலும் கூடவே வரும். உறையோடு ஸ்கான் செய்யுங்கள். போனில் எடுப்பதானால் விறாந்தையில், பக்கத்து வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் எடுங்கள். போனுக்குப் பின்னால் ஒருவர் கறுப்புத் துணியை விரித்துப் பிடித்தால் பளபளப்பு விழாது. பிறகு வெளிறல், நிறம், கீறல், மடிப்பு இவற்றைச் சரிசெய்யலாம். பின்னணியை எவ்வளவும் துப்பரவாக்கலாம், சட்டையின் கிழிசலை மூடலாம். முகத்தில் வெளிச்சத்தை மட்டும் சரிசெய்துவிட்டு நிறுத்துங்கள். கலங்கலாக இருந்தால் கலங்கலாகவே இருக்கட்டும். பெரிதாக அடிக்காமல் உள்ளங்கை அளவில் அடித்தால் கலங்கல் பாதி மறைந்துவிடும்.

இன்னொன்று. விசாரணைக்கோ முறைப்பாட்டுக்கோ படம் கொடுப்பதென்றால், கைபடாத முதல் ஸ்கானைத்தான் கொடுக்க வேண்டும். செயலி வரைந்த முகத்தை எந்த இடத்திலும் அவருடைய படம் என்று கொடுக்காதீர்கள். அதன் பின்பக்கத்தில் "கணினி வரைந்தது" என்று இப்போதே எழுதி வையுங்கள். இருபது வருடம் கழித்து உங்கள் பிள்ளைகள் கையில் எது எது என்று தெரியாமல் போய்விடும்.

வீட்டு அல்பம் முழுக்கச் சிவந்துபோய்விட்டது. ஸ்கான் செய்து மென்பொருளில் தானாகச் சரிசெய்யும் பொத்தானை அழுத்தினால் எல்லாம் பச்சை நீலமாக மாறுகிறது. வெயிலே படாத அல்பம் எப்படிச் சிவக்கும்?
மல்லாவி மாணவர்

நல்ல கேள்வி. நிற அச்சுப் படத்தில் மூன்று சாயப் படைகள் இருக்கின்றன: நீலப்பச்சை, மஜென்டா, மஞ்சள். இருட்டில் வைத்திருந்தாலும் சாயம் தானாகச் சிதையும், சூடும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். பழைய தாள்கள் பலவற்றில் நீலப்பச்சைதான் முதலில் போகும். அது போனால் சிவப்பைத் தடுக்க ஆளில்லை, படம் சிவக்கும். தகரக் கூரைக்குக் கீழே பங்குனி, சித்திரையில் எவ்வளவு சூடு என்று உங்களுக்குத் தெரியும்.

தானியங்கிப் பொத்தானை விடுங்கள். லெவல்ஸ் என்ற கருவியைத் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். சிவப்பில் அந்த மலைபோன்ற வரைபடம் வலப்பக்கம் ஒதுங்கி நிற்கும், இடப்பக்கம் வெறுமையாக இருக்கும். இடது மூலையில் உள்ள கறுப்பு முனையை மலை தொடங்குகிற இடத்துக்கு இழுங்கள். மற்ற இரண்டுக்கும் அதே மாதிரி. முக்கால்வாசி வேலை அதிலேயே முடிந்துவிடும். பிறகு நடு முனையை மெல்ல அசைத்து, வெள்ளையாக இருக்க வேண்டியது வெள்ளையாக வருகிறதா என்று பாருங்கள்.

எது வெள்ளை என்று எப்படித் தெரியும்? பள்ளிக்கூடச் சட்டை இருக்கிறது. அதைவிட நல்லது திருநீறு. நெற்றியில் மூன்று குறி உள்ள ஒரு தாத்தா படத்தில் இருந்தால் உங்கள் வேலை பாதி குறைந்தது. திருநீறு சாம்பல் கலந்த வெள்ளை, எந்த நிறத்துப் பக்கமும் சாயாதது. வேட்டியை நம்புவதைவிட நான் அதைத்தான் நம்புவேன், பழைய வேட்டிக்கு நீலம் போட்டிருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. நிலத்தைச் சரிசெய்யப் போகாதீர்கள். வெளியூரில் ஒருவர் திருத்தின படம் ஒன்று என்னிடம் வந்தது, ஒரு குடும்பம் வீட்டு வாசலில் நிற்கிற படம். கிரவல் ஒழுங்கை சாம்பல் நிறமாகிவிட்டது, பிள்ளைகளின் கால்கள் செத்த நிறமாகிவிட்டன. அவருக்குச் சிவப்பு முழுக்கப் பழுது என்று தோன்றியிருக்கிறது. எங்கள் மண் சிவப்புத்தான். பிள்ளைகளின் கணுக்கால் வரை அந்தப் புழுதி இருந்திருக்கும், அதைப் படத்தில் விட்டுவிட வேண்டும்.

2009இல் பொலித்தீனில் சுற்றிப் புதைத்துவிட்டுப் போன பெட்டியை மீளக்குடியேறிய பிறகு எடுத்தோம். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. அப்பாவின் படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. தண்ணீரில் ஊறவைத்தால் வரும் என்கிறார்கள். செய்யலாமா?
புதுக்குடியிருப்பு வாசகி

அம்மா, கண்ணாடியில் ஒட்டினதை அப்படியே விடுங்கள். சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, கண்ணாடியோடே ஸ்கான் செய்யலாம். ஆனால் அதற்கு ஏற்ற ஸ்கானர் வேண்டும். யூஎஸ்பி வயரில் மட்டும் ஓடுகிற மெல்லிய ஸ்கானர்கள் தட்டோடு ஒட்டியிருப்பதை மட்டும்தான் தெளிவாகப் பார்க்கும். கண்ணாடித் தடிப்பு இடையில் வந்தால் படம் கலங்கிவிடும். தனியாக மின்சார வயர் உள்ள, கொஞ்சம் உயரமான பழைய வகை ஸ்கானர்தான் இதற்குச் சரி.

தண்ணீர் பற்றி என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். அச்சுப் படத்தின் மேல்தோல் ஜெலற்றின். தண்ணீரில் ஊறி இளகும், பிறகு காய்ந்து பழையபடி வரும். கழுவி அச்சடித்த நிறப்படங்கள் சில, துப்பரவான குளிர்ந்த தண்ணீரில் சில மணிநேரம் இருந்தால் தானாகப் பிரிந்து வருவது உண்மை. ஆனால் பூஞ்சணம் பிடித்திருந்தால் கதை வேறு. பூஞ்சணம் ஜெலற்றினைத் தின்று, அதைத் தண்ணீரில் கரையக்கூடியதாக ஆக்கிவிடுகிறது. 2010இல் ஒரு குடும்பம் கொண்டுவந்த கட்டு ஒன்றை நான் அது தெரியாமல் தட்டில் போட்டேன். படங்கள் பிரிந்தன. மேலே இருந்த படத்தைத் தூக்கினபோது, அதில் இருந்த இரண்டு பெண்களின் முகமும் தாளில் இல்லை. தண்ணீரில் ஒரு மெல்லிய நிறப்படலமாக மிதந்தது, அசைத்தவுடன் கலைந்துவிட்டது. அந்தக் குடும்பத்திடம் நான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கும் ஒரு கட்டைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது அந்தத் தட்டுத்தான்.

அதனால் என் முறை இது. வெளியே தெரிகிற பக்கங்களை முதலில் ஸ்கான் செய்துவிடுங்கள். சாம்பல், வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதாவது தெரிந்தால் தண்ணீர் வேண்டாம். நிழலில், காற்றோட்டத்தில் காயவைத்து, உலர்ந்த பஞ்சால் பிறகு மெல்லத் துடையுங்கள், மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பூஞ்சணம் இல்லாத கட்டு என்றால், முக்கியமில்லாத ஒரு படத்தின் மூலையை நனைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மை அச்சு இயந்திரத்தில் அடித்த படம் என்றால் நனைக்கவே கூடாது. ஒட்டும் பக்கம் உள்ள அல்பத்தில் இருந்து எடுப்பதற்குத் தண்ணீர் தேவையில்லை. பல் இடுக்கில் விடுகிற நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, மரம் அரிகிற மாதிரி மெல்ல இழுத்துக்கொண்டு போங்கள்.

அப்பா எடுத்த கறுப்பு வெள்ளை நெகற்றிவ்களைக் கொழும்பில் ஸ்கான் செய்வித்தோம். முகத்தின் ஓரமெல்லாம் பூச்சி அரித்த மாதிரி வந்திருக்கிறது. நெகற்றிவ் பழுதா?
முள்ளியவளை வாசகர்

நெகற்றிவ் அநேகமாக நல்லாகத்தான் இருக்கும் ஐயா. ஸ்கானரில் தூசியைத் தானாக எடுக்கிற ஒரு வசதி இருக்கிறது. அது அகச்சிவப்புக் கதிரால் பார்க்கும். நிறப் பிலிமின் சாயத்துக்குள் அந்தக் கதிர் ஊடுருவிவிடும், தூசி மட்டும் தடுக்கும், அதைக் கண்டுபிடித்து அழிக்கும். கறுப்பு வெள்ளைப் பிலிமில் படமே வெள்ளித் துகள். அதுவும் கதிரைத் தடுக்கும். ஸ்கானர் உங்கள் உறவினர்களின் முகத்தையும் தூசி என்று நினைத்து அரித்திருக்கிறது. அந்த வசதியை நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். தூசியைக் காற்றூதும் பந்தால் ஊதிவிட்டு, மிச்சத்தைக் கையால் எடுக்கலாம்.

கறுப்பு வெள்ளை அச்சுப் படம் மஞ்சளாகக் கறைபட்டிருந்தால், அதை நிறப்படமாகவே ஸ்கான் செய்து, மென்பொருளில் சிவப்பு அலைவரிசையை (சனல்) மட்டும் எடுத்துப் பாருங்கள். மஞ்சள் கறை நீலத்தில்தான் கறுப்பாக விழும், சிவப்பில் அநேகமாகத் தெரியாது. பத்து நிமிட வேலை, பல மணிநேரக் கைவேலையை மிச்சம் பிடிக்கும்.

படத்தாள் தேன்கூடு மாதிரிப் பொருபொருப்பானது. ஸ்கானில் முகமெல்லாம் புள்ளி வலை.
வவுனியா வாசகி

ஒரு தடவை ஸ்கான் செய்யுங்கள், படத்தின் மேல்பக்கம் கீழே வருகிற மாதிரிச் சுற்றி வைத்து இன்னொரு தடவை செய்யுங்கள். ஸ்கானர் விளக்கு ஒரு பக்கத்தில் இருந்துதான் அடிக்கும். திருப்பினால் மேடுகளின் நிழல் எதிர்ப்பக்கம் விழும். இரண்டையும் கணினியில் நேராக்கி ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி, மேல் லேயரைப் பாதி தெரியவிடுங்கள். வலை பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஸ்கான் செய்த படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினால் மங்கிவிடுகின்றன.
பூநகரி வாசகர்

படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், அப்படியே போகும். வந்ததையும் போனில் மட்டும் விட்டுவைக்காமல் இரண்டு இடத்தில் பதிந்து வையுங்கள், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

படத்தின் மூலையில் கமரா பதிந்த செம்மஞ்சள் திகதி அசிங்கமாக இருக்கிறது. பின்பக்கத்தில் பேனையால் எழுதினது முன்பக்கம் ஊறியும் இருக்கிறது. இரண்டையும் எப்படி அழிப்பது?
கரைச்சி வாசகி

ஊறின மையை அழியுங்கள், அது கன்னத்தில் விழுந்திருக்கும். திகதியை விடுங்கள். சுவருக்கு அடிக்கிற பிரதியில் வேண்டுமானால் வெட்டிவிடலாம், சேமிக்கிற கோப்பில் இருக்கட்டும். பற்றறி கழற்றின கமராக்களில் வருடம் பிழையாகவும் பதியும், அதனால் வீட்டில் மூத்தவர்களிடம் ஒரு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கத்தையும் ஸ்கான் செய்தீர்களா? நீங்கள் அனுப்பிய பிரதியில் முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. ஊறின எழுத்தைக் கண்ணாடியில் காட்டுகிற மாதிரித் திருப்பிப் பார்த்தேன். "அம்மம்மாவும் நானும், அக்கராயன் குளக்கட்டு" என்று வாசிக்க முடிகிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது, பிடிபடவில்லை. படத்தைத் திருப்பி, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பேனை அழுத்தின பள்ளம் தெரியும்.